3000 மி.மீ. மழை பெய்தும் கேரளத்தில் பங்குனியில் கிணறு வற்றுவது ஏன்?

சமவெளி கேட்டது:

பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலம் பக்கம் உறவினருக்கு 15 சென்ட் இடம், சரிவில் வீடு. செம்புரைக்கல் தரை, அந்த ஊரில் வெட்டுக்கல் என்கிறார்கள். கிணற்றின் ஆழம் 11 மீட்டர், விட்டம் 2 மீட்டர். ஆடியில் கைப்பிடிச் சுவருக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. பங்குனி பிறந்தால் மோட்டார் பத்து நிமிடம் ஓடியதும் காற்று இழுக்கிறது.

தமிழ்நாட்டுச் சராசரி மழை 900 மி.மீ.க்குச் சற்று மேல். அதை வைத்தே ஏரியும் கிணறும் கோடையைத் தாண்டுகின்றன. கேரளத்தில் மூன்று மடங்கு பெய்கிறது, 44 ஆறுகள் ஓடுகின்றன. பிறகு ஏன் இப்படி? கிணற்றை ஆழப்படுத்துவதா, போர் போடுவதா, கூரை நீரைக் கிணற்றில் விடுவதா? வயநாட்டில் கோடையில் யானை ஊருக்குள் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புரை எழுதியது:

மழை எவ்வளவு பெய்கிறது என்பதை விட்டுவிட்டு, பெய்த நீர் எத்தனை நாள் மண்ணுக்குள் தங்குகிறது என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

ஆண்டு மழையான ஏறத்தாழ 3000 மி.மீ.யில் 2000 மி.மீ. அளவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. துலாவர்ஷம் எனும் ஐப்பசி மழை 500 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கோடை மழை 350 மி.மீ. சொச்சம். இதுவும் மாநிலம் முழுக்கச் சமமாக இல்லை. வட கோடியில் காசர்கோட்டில் 3000 மி.மீ.க்கும் மேல் பெய்கிறது, ஆனால் பெரும்பகுதி நான்கே மாதத்தில். திருவனந்தபுரத்தில் மொத்தம் 1800 மி.மீ. அளவுதான், ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் பரவிப் பெய்கிறது. வடக்கே போகப் போக மழையும் கூடும், மழையில்லாத மாதங்களும் கூடும். ஒற்றப்பாலத்துக்கு இன்னொரு தொல்லை, பாலக்காட்டுக் கணவாய். 30 கி.மீ.க்கு மேல் அகலமான அந்த இடைவெளி வழியாகக் கார்த்திகை முதல் மாசி வரை கிழக்குக் காற்று வறட்டிக்கொண்டு வரும். மேல்மண் ஈரம் அதிலேயே போய்விடும்.

நிலத்தின் வடிவமும் எதிராகத்தான் இருக்கிறது. ஆனமுடி 2695 மீட்டர், மலைக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் 50, 60 கி.மீ. தூரம்தான். நீளமான பெரியாறே 244 கி.மீ., பாரதப்புழை 209 கி.மீ. காவிரிக்கு 800 கி.மீ. கிடைக்கிறது. 44 ஆறுகளில் 41 மேற்கே பாய்கின்றன. மலையில் காலையில் பெய்தது ஓரிரு நாளில் கடலில் சேர்ந்துவிடுகிறது.

இனி உங்கள் கிணறு. ஒற்றப்பாலத்துக்கு அருகிலேயே உள்ள அங்காடிப்புரத்தில்தான் 1807இல் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லை முதலில் விவரித்தார். கிணற்றுச் சுவரை மேலிருந்து கீழே பாருங்கள். முதலில் அரை மீட்டர், ஒரு மீட்டர் செம்மண். அடுத்து துளை துளையாக உள்ள கெட்டி வெட்டுக்கல். அதற்குக் கீழே கல் மெத்தென்றாகி, மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நிறம் மாறும். அதன் அடியில் விரலில் தேய்த்தால் வழுவழுப்பான வெளிறிய களிமண், அங்கே சேடிமண் என்பார்கள். இன்னும் கீழே போனால் கருங்கல். வெட்டுக்கல்லின் துளைகள் மழையை மிக விரைவாக உள்ளே வாங்கும். நீர் களிமண்ணைத் தொட்டதும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் சரிவை நோக்கி நகரும். கார்த்திகையில் அந்தப் பக்கம் சாலைக்காக வெட்டிய மண்சுவர்களைக் கவனியுங்கள்: களிமண் தொடங்கும் மட்டத்தில் நீளமாக ஓர் ஈரக்கோடு கசிந்துகொண்டிருக்கும், அதன் கீழே பெரணி முளைத்திருக்கும். உங்கள் கிணற்றுக்குச் சேர வேண்டிய தண்ணீர்தான் அங்கே வழிகிறது.

எதையும் தோண்டும் முன் இரண்டு அளவு எடுங்கள்.

ஒன்று, ஐப்பசியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, காலையில் மோட்டார் போடும் முன், கைப்பிடிச் சுவரிலிருந்து நீர் மட்டம் வரை. இறைப்பு ஒரே அளவாக இருந்தும் மார்கழியிலேயே வாரத்துக்கு அரை மீட்டர் இறங்கினால் நீர் பக்கவாட்டில் ஒழுகுகிறது என்று பொருள். மாசி வரை நிலையாக நின்று, இறைக்கும்போது மட்டும் சரிந்தால் ஊற்று மெலிந்தது.

இரண்டு, மாசியில் ஒரு நாள் நீரை ஒரு மீட்டர் இறைத்துவிட்டு, மறுபடி ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். 2 மீட்டர் விட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்றால் 3140 லிட்டர். பத்து மணி நேரம் ஆனால் மணிக்கு 314 லிட்டர் ஊறுகிறது. ஐந்து பேருக்கு, ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில், நாளுக்கு 675 லிட்டர் போதும். அப்படியானால் கிணறு சாகவில்லை, பெரிய மோட்டார்தான் அவசரப்படுகிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு மாறி, இரண்டு வேளையாகப் பிரித்து இறைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை பாதி தீரும்.

ஆழப்படுத்துவது பற்றி: சேடிமண்ணுக்குள் இறங்கினால் தண்ணீர் அதிகமாகாது. அந்தக் களிமண்ணில் நீர் நிறைய இருக்கும், ஆனால் விடாது. மழைக்காலத்தில் சுவர் ஊறிச் சரியும், மேலே நிற்கும் வெட்டுக்கல் அடியில்லாமல் தொங்கும். களிமண் முழுவதையும் தாண்டிப் பாறைத் தலைப்பு வரை போவதானால் மட்டும், சிமென்ட் உறை இறக்கிக்கொண்டே தோண்ட வேண்டும். போர் போட்டால் இந்த வெட்டுக்கல் பகுதி முழுவதும் கேசிங் குழாயால் அடைபட்டுவிடும். கீழே நைஸ், சார்னோக்கைட் எனும் கடினப் பாறைகளின் வெடிப்பில் நீர் அகப்பட்டால்தான் உண்டு. பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் சித்தூர் வட்டாரம் போர்களை நம்பி என்ன ஆனது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூரைநீர் எழுதியது:

கூரை நீரைக் கிணற்றில் விடும் முறை திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் மழப்பொலிமா என்ற பெயரில் அரசுத் திட்டமாகவே தொடங்கியது. செலவு குறைவு, ஆனால் கவனக்குறைவாகச் செய்தால் குடிநீர் கெடும். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கணக்கு: 100 சதுர மீட்டர் கூரை, 3000 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 2,40,000 லிட்டர். இதில் ஐப்பசி மழையின் பங்கு 39,000 லிட்டர் அளவு.

தேவைப்படுபவை: கூரை விளிம்புக்குப் பாத்தி, 110 மி.மீ. பி.வி.சி. இறக்கக் குழாய், அதன் அடியில் முதல் மழையை வெளியேற்ற மூடியோடு ஒரு கிளை, பெரிய பீப்பாய் ஒன்றோ இரண்டோ, அங்கிருந்து கிணற்றுக்கு 90 மி.மீ. குழாய். பீப்பாயின் அடியில் 40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., அதன் மேல் 20 மி.மீ. ஜல்லி 10 செ.மீ., நைலான் வலை, மரக்கரி 10 செ.மீ., மறுபடி வலை, மேலே மணல் 20 செ.மீ. மணலுக்கு மேல் குறைந்தது 20 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். அதற்கும் மேலே நிரம்பி வழிய ஒரு குழாய் வேண்டும்.

பெரும்பாலும் மணலில்தான் தவறு நடக்கிறது. அங்கே மழை மணிக்கு 50 மி.மீ. பெய்வது சாதாரணம். 100 சதுர மீட்டரில் அது மணிக்கு 5000 லிட்டர். 60 செ.மீ. விட்டமுள்ள பீப்பாயின் பரப்பு 0.28 சதுர மீட்டர். அந்தச் சிறு பரப்பு மணிக்கு ஏறத்தாழ 18 மீட்டர் உயர நீரை விழுங்க வேண்டும். பூச்சு வேலைக்குச் சலித்த பொடி மணல் போட்டால் முக்கால் பங்கு வழிந்து வெளியே போகும். 1 முதல் 2 மி.மீ. பருமனுள்ள கரட்டு மணலைத் தூசு போகக் கழுவிப் போடுங்கள், பீப்பாயையும் இரண்டாக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், மேல் 5 செ.மீ. மணலை எடுத்துக் கழுவ வேண்டும். கரியை மாற்றிவிடுவது நல்லது.

குழாயின் முனையைக் கிணற்றுச் சுவரோரம் விடாதீர்கள். விழும் நீர் வெட்டுக்கல்லை அரித்துப் பொந்தாக்கும். முழங்கை இணைப்பு போட்டு, நீர் கிணற்றின் நடுவில் விழும்படி நீட்டுங்கள். இடவப்பாதி தொடங்கி முதல் நான்கைந்து நல்ல மழை வெளியே போகட்டும். கூரைமேல் மரக்கிளை கவிந்திருந்தால் முதலில் அதை வெட்டுங்கள், பறவை எச்சத்தை எந்த வடிகட்டியும் முழுதாக நிறுத்தாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் குடிநீர்க் கிணற்றில் விட வேண்டாம்.

கேரளக் கட்டட விதிப்படி கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி இருக்கக் கூடாது. துளையுள்ள வெட்டுக்கல்லில் அந்தத் தூரமும் சில நேரம் போதாது. 15 சென்ட்டில் இடமிருப்பதால் இன்னும் தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ச் சரிவில் வையுங்கள்.

மழை தொடங்கிய பிறகு குளோரின் போடும் அளவு: 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், வெள்ளம் புகுந்திருந்தால் 5 கிராம். உங்கள் 2 மீட்டர் கிணற்றில் 3 மீட்டர் நீர் நின்றால் 9400 லிட்டர், ஆக 24 கிராம். வாளியில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி நீர் ஊற்றி, பத்து நிமிடம் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

வயலோரம் எழுதியது:

கூரைநீர் சொன்ன செய்முறையில் குறை இல்லை. ஆனால் சரிவில் உள்ள வெட்டுக்கல் கிணற்றில் ஆடி மாதம் ஊற்றும் நீர் பங்குனிக்கு வந்து சேராது. ஆடியில் கிணறு ஏற்கனவே நிறைந்துதான் இருக்கிறது. கூடுதலாக விட்டது அந்த ஈரக்கோட்டின் வழியே ஓரிரு வாரத்தில் தோட்டில் (ஓடையைத்தான் அங்கே தோடு என்பார்கள்) போய்ச் சேரும். ஐப்பசி மழையும் சித்திரையில் வரும் கோடை மழையும்தான் கணக்கில் சேரும். ஒரு தெருவே சேர்ந்து செய்தால் நிலத்தடி நீர் மட்டம் சற்று நின்று இறங்கும். தனி வீடு என்றால் குடிக்கவும் சமைக்கவும் ஒரு பெரோசிமென்ட் (கம்பிவலை மேல் சிமென்ட் பூசிய) தொட்டி கட்டுவதே உறுதியான வழி. ஐந்து பேர், ஆளுக்கு 10 லிட்டர், 120 நாள் என்றால் 6000 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி தாராளம். அதை ஐப்பசி மழையில் நிரப்பிக்கொள்ள வேண்டும், ஆனி மழையில் அல்ல.

கிணறு நிற்பதும் வற்றுவதும் சரிவின் அடியில் உள்ள வயலைப் பொறுத்தது. குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது, மேலே உள்ள வெட்டுக்கல்லிலிருந்து நீர் வடியும் வேகம் குறையும். அந்த வயலை மண் கொட்டி மேடாக்கி, நடுவே தோட்டை ஆழமாக வெட்டிவிட்டால் சரிவு முழுவதும் ஒரு மாதம் முன்னதாக வடிந்துவிடும். 1970களின் நடுவில் கேரளத்தில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் நெல் நிலம் இருந்தது, இன்று இரண்டு லட்சம் அளவில் நிற்கிறது. 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குள் நிறைய வயல் போய்விட்டது. பாரதப்புழையில் மணல் அள்ளியதும் இதே வேலையைத்தான் செய்தது: ஆற்றுப் படுகை தாழ்ந்ததும் கரையோரக் கிணறுகளின் மட்டமும் கூடவே தாழ்ந்தது. மணலுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் வந்தது.

செய்யக்கூடியது தோட்டின் குறுக்கே தற்காலிகத் தடுப்பு. ஐப்பசிப் பெருமழை ஓய்ந்து தோட்டில் நீர் கணுக்கால் முதல் முழங்கால் வரை ஓடும்போது கட்ட வேண்டும். முன்னால் கட்டினால் ஒரே மழையில் அடித்துப் போகும், தை பிறந்து கட்டினால் தேக்க நீர் இருக்காது. சாக்கில் மண் நிரப்பி இரண்டு வரிசை அடுக்கி, நடுவே அரை மீட்டர் இடத்தில் களிமண் மிதித்து இறுக்க வேண்டும். அடி அகலம் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மேல்மட்டம் கரையைவிட 30 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும், நடுவில் வழிய ஒரு பள்ளம். கரையோடு சேரும் இரு முனையிலும் சாக்குகளை அரை மீட்டர் கரைக்குள் புதையுங்கள், தடுப்பு உடைவது பெரும்பாலும் அங்கேதான். மே நடுவில் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் இடவப்பாதி வெள்ளம் வயல் வரப்பை உடைக்கும், பிளாஸ்டிக் சாக்கு கிழிந்து வயல் முழுக்கப் பரவும்.

சரிவில் தென்னை இருந்தால் ஒவ்வொன்றின் வட்டப் பாத்தியிலும் உரிமட்டையைக் குழி விழுந்த பக்கம் மேலே இருக்குமாறு புதைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: செங்குத்துச் சரிவில், குறிப்பாக மலைநாட்டில், மழைக்குழி வெட்டாதீர்கள். மேல்மண் ஆழமாகவும் அடியில் பாறை வழுவழுப்பாகவும் உள்ள இடத்தில் இறக்கும் நீர், மண்ணைப் பாறையிலிருந்து விடுவிக்கும். கவளப்பாறை, புத்துமலை 2019, பெட்டிமுடி 2020, சூரல்மலை 2024 எல்லாமே கனமழை செங்குத்துச் சரிவில் இறங்கிய இடங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று தெரிந்தால் நீர் இறக்குவதை நிறுத்தி இடத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

காசர்கோட்டில் கிணற்றுக்குப் பதிலாகச் சுரங்கம் வெட்டும் வழக்கம் பழையது. வெட்டுக்கல் குன்றின் பக்கவாட்டில், ஆள் நின்று போகும் உயரத்தில், இரண்டு அடி அகலத்தில், ஊற்று தட்டும்வரை குடைந்துகொண்டே போவார்கள். தரை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், மோட்டார் இல்லாமலே நீர் வெளியே வரும். அந்தக் களிமண் மட்டத்து ஈரக்கோட்டைத்தான் அவர்கள் தேடிப் போகிறார்கள்.

காடுவழி எழுதியது:

வயநாட்டுக் கேள்விக்கு வருகிறேன். காட்டிலும் அதே கதைதான், நீர் தங்கும் இடம் எதுவோ அங்கே விலங்கு சேரும்.

வயநாடு சரணாலயம் 344 சதுர கி.மீ. அதை ஒட்டி பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை. அவை மழை குறைந்த பக்கம், தை தாண்டினால் இலையுதிர் காடு காய்ந்துவிடும். வயநாட்டுக் காட்டுக்குள் இயற்கையான சதுப்புப் புல்வெளிகள் உண்டு, அங்கேயும் வயல் என்றே சொல்வார்கள். கோடையிலும் அடியில் ஈரம் நிற்பதால் யானை, காட்டெருது, மான் எல்லாம் அங்கே வருகின்றன. அந்த வயல்களின் ஓரத்தில் உள்ள ஊற்றில் பழங்குடியினர் கூந்தற்பனையின் அடிமரத்தைக் குடைந்து உறையாக இறக்கிய கேணிகள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன, ஆழம் ஒரு மீட்டர் அளவே.

இந்த வயல்களும் சுற்றுக் காடும் இப்போது தேக்குத் தோட்டத்தாலும் மஞ்சக்கொன்னை என்ற அயல்நாட்டு மரத்தாலும் சுருங்குகின்றன. மஞ்சக்கொன்னையின் அடியில் புல் முளைப்பதில்லை. மேய எதுவும் இல்லை. யானை ஊருக்குள் வர இதுவும் ஒரு காரணம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்து கிளை வரும். கன்றை வேரோடு பிடுங்க வேண்டும். மரமானால் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, வேர்க்கழுத்தில் நார் மிச்சமில்லாமல் சுரண்டி, நின்ற நிலையில் காய விட வேண்டும். ஒரு கீற்றுப் பட்டை ஒட்டியிருந்தாலும் மீண்டும் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அடுத்தடுத்த மழைக்குப் பிறகும் போய்க் கன்று பிடுங்காவிட்டால் செய்த வேலை வீண்.

மலையுச்சியில் நீரைப் பிடித்து வைப்பது சோலையும் புல்வெளியும். இரவிகுளம் 97 சதுர கி.மீ., வரையாட்டுக்குப் பேர்போனது. அந்தப் பக்கத்து நீர் பாம்பாறாக மறையூர், சின்னாறு வழியே இறங்கி அமராவதிக்குப் போகிறது. உடுமலை விவசாயிக்கு அந்தப் புல்வெளியோடு நேரடித் தொடர்பு உண்டு. சின்னாறோ மழைமறைவுப் பகுதி, முள்காடு, நட்சத்திர ஆமையும் நரை அணிலும் வாழும் இடம். இரவிகுளத்திலிருந்து இறங்கும் சிறு தூரத்தில் மழை இவ்வளவு மாறும் நிலம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது, பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி ஈனும் காலம், இரவிகுளம் பூட்டியிருக்கும்.

தெற்கே கொல்லம் மாவட்டத்தில் குளத்துப்புழை, செந்துருணிப் பக்கம் ஓடைத் தலைப்புகளில் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகள் இருக்கின்றன. சேற்றிலிருந்து வேர் மேலெழுந்து வளைந்து மறுபடி சேற்றில் இறங்கும். மிச்சமிருப்பவை சின்னச் சின்னத் துண்டுகள், மற்றவை எப்போதோ நெல் வயலாகிவிட்டன.

வயலோரத்துக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பு பற்றி எழுதியது மலைக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள நிலத்து வயல் தோட்டுக்குப் பொருந்தும். மலை ஓடையில் கட்ட வேண்டாம். 2003இல் அறிவியல் பெயர் பெற்ற ஊதாத் தவளை ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்கிறது. சித்திரை, வைகாசியின் முதல் பலத்த மழையில் சில நாள் மட்டும் வெளியே வந்து, பாறை ஓடைக் குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஓடும் நீரில் மூன்று மாதத்துக்கு மேல் வளர்கின்றன. அங்கே குறுக்கே சுவர் வைத்தால் குழிகள் மூழ்கும், ஓட்டம் நிற்கும், வண்டல் பாறையை மூடும், பற்றிக்கொள்ள இடம் இருக்காது.

சமவெளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளவு எடுக்கச் சொல்லிவிட்டேன், தொட்டிக்கும் இடம் பார்க்கிறார்கள். கடைசியாக ஒன்று: கோடையில் மட்டம் இறங்கும்போது நீரின் மேல் எண்ணெய் போல மினுக்கும் ஆடை படிகிறது, பாத்திரத்தில் ஆரஞ்சுக் கறை. மோட்டார் எண்ணெய் கசிவாக இருக்குமா?

செம்புரை எழுதியது:

ஒரு குச்சியால் ஆடையைக் கீறிப் பாருங்கள். எண்ணெயானால் கீறிய இடம் உடனே கூடிக்கொள்ளும். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா. வெட்டுக்கல் நிலத்தில் இது சாதாரணம், நீர் புளிப்பாக (அமிலத்தன்மையோடு) இருப்பதால் கல்லிலுள்ள இரும்பு கரைகிறது. பிஹெச் அளந்தால் ஆறுக்குக் கீழே காட்டக்கூடும்.

மேல்தொட்டிக்கு ஏறும் குழாயின் முனையில் பூவாளித் தலை மாட்டி, நீர் காற்றில் சிதறி விழும்படி செய்யுங்கள். கரைந்த இரும்பு துருவாகப் பிரியும். ஆனால் நீர் புளிப்பாக இருக்கும் வரை அது மெதுவாகத்தான் பிரியும். அதனால் முதலில் நீரைச் சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்பிய ஒரு பீப்பாய் வழியே விட்டு, பிறகு சிதறவிட்டு, கடைசியில் 30 செ.மீ. கரட்டு மணலில் வடிகட்டுங்கள். மணல் துருவேறி அடைத்துக்கொள்ளும், கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேல்மணலைக் கழுவ வேண்டும். குளோரின் போடுவதானால் வடிகட்டிய பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் பாதி குளோரினை இரும்பே தின்றுவிடும்.